ஷெல் பட்ட தட்டைக் கூரை: தார்த் தாளா, இறப்பர் தாளா?

ஐப்பசியில் வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும், தட்டைக் கொங்கிறீட் கூரை போட்ட பழைய வீடுகளில் ஒழுக்கும் தொடங்கிவிடுகிறது. வடக்கு, கிழக்கில் இவ்வாறான பல வீடுகள் எறிகணைகளால் அதிர்ந்தவை. உரிமையாளர் இடம்பெயர்ந்திருக்க, பல மாரிகளை ஆளின்றிக் கழித்தவை. 1990களில் வடக்கிற்குச் சீமெந்து கொண்டுவரத் தடை இருந்ததால், கையில் கிடைத்ததைக் கொண்டு வெடிப்புகளை அடைத்தவர்களும் உண்டு. இன்று அந்தக் கூரைகளைத் திருத்த முனைவோர் முன்னால் தார்த் தாள், இறப்பர் தாள் என்று இரண்டு தெரிவுகள் வைக்கப்படுகின்றன. அதற்கு முன்னர், அது தாள் ஒட்டக்கூடிய கூரைதானா என்று பார்க்க வேண்டும்.

கூரையைத் துப்புரவு செய்யும்போது வெடிக்காத பொருள் போல எதுவும் தென்பட்டால், தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லையெனில், கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானை போலச் சத்தம் கேட்கும் இடத்தில் கொங்கிறீட் கம்பியை விட்டுக் கழன்றிருக்கும். துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு வீங்கி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோரத்தில் உப்புக் காற்றும், கழுவாத கடல் மணலும் இதை விரைவுபடுத்துகின்றன. இந்த நிலையில் மேலே தாள் ஒட்டினால் ஒழுக்கு நிற்கலாம்; ஆனால் ஏற்கனவே பலமிழந்த கூரை அப்படியேதான் இருக்கும். ஒழுக்கு நின்றதால் பயமும் போய்விடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. கழன்றதை வெட்டி நீக்கி, துருவைச் சுரண்டி, திருத்தச் சாந்து பூசுவது முதல் வேலை. கம்பி மெலிந்திருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்க்கும் வரை அந்த அறையில் படுக்க வேண்டாம்.

தார்த் தாள் என்பது கடைகளில் பிற்றுமின் ஷீட், டோர்ச் ஷீட் என்று விற்கப்படுவது. 1 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளமுள்ள சுருளாக வரும். காஸ் சுவாலையால் அடியை உருக்கி ஒட்டுவார்கள். நமது வெயிலுக்கு ஏ.பி.பி. வகை பொருத்தமானது, எஸ்.பி.எஸ். வகை குளிர் நாடுகளில் வெடிக்காமல் வளைந்து கொடுப்பதற்காக விரும்பப்படுவது. மேல்தாள் 4 மில்லிமீற்றர் தடிப்பில், கல்துகள் பதித்ததாக இருந்தால் நல்லது. வெறும் கறுப்புத் தாளை வெயிலில் விட்டால் சில ஆண்டுகளில் வரண்டு வெடிக்கும். நல்ல வேலை என்றால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை எதிர்பார்க்கலாம். பக்கத்தில் பனைமரச் சிலாகையோ ஓலையோ இருந்தால் சுவாலை வேலை கூடாது.

இறப்பர் தாள் என்பது ஈ.பி.டி.எம். எனும் செயற்கை இறப்பர். நம் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை இறப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும், இது தாங்கும். 1 முதல் 1.5 மில்லிமீற்றர் தடிப்பில் அகலமான விரிப்பாக வருவதால் பொருத்துகள் குறைவு. 25 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். ஆனால் எண்ணெய், டீசல், பழைய தார் ஆகியவை இதற்கு ஆகாது; பழைய தார்த் தாளின் மேல் நேரே ஒட்டக் கூடாது, இடையில் பிரிப்புப் படை வேண்டும். விழும் தேங்காயும், கம்பி முனையும் துளைக்கலாம்.

லண்டனில் வீட்டின் பின்புற அறைக்கு இறப்பர் போட்ட உறவினர்கள் அதையே இங்கும் போடச் சொல்வார்கள். அங்கு அதற்கெனப் பழகிய வேலையாட்கள் இருக்கிறார்கள். பசையும் ஒட்டுநாடாவும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். இங்கு ஒரு பொருத்து விட்டுப்போனால் யார் வந்து ஒட்டுவார், எதைக் கொண்டு ஒட்டுவார் என்பதற்குப் பதில் இருந்தால் இறப்பரைத் தெரிவு செய்யலாம். இல்லாவிட்டால், பழகிய கையால் ஒட்டிய தார்த் தாளே மேல். இரண்டிலும் கறுப்பு நிறம் அறையைச் சூடாக்கும். அந்தந்தத் தாளுக்கென்றே உள்ள வெள்ளைப் பூச்சு உதவும்.

எந்தத் தாளானாலும் ஒழுக்கு பெரும்பாலும் ஓரங்களில்தான் வருகிறது. சுவரோரம் 15 சென்ரிமீற்றராவது மேலேற்றி ஒட்ட வேண்டும். 80 சென்ரிமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் வீதம் பீலிப் பக்கம் சரிவு வேண்டும். இல்லையேல் முதலில் சாந்தால் சரிவு கொடுக்க வேண்டும். ஈரமும் முக்கியம்: அரை மீற்றர் பொலித்தீனை நான்கு பக்கமும் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் கூரை காயவில்லை. அதன்மேல் ஒட்டிய தாள் வெயிலில் கொப்பளிக்கும். ஆகவே இந்த வேலைக்கு ஆடி, ஆவணி நல்லது.

வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டிச் சோதிப்பது வழக்கம். ஆனால் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு சதுர மீற்றரில் 50 கிலோ பாரம். ஷெல் பட்ட கூரையில் அதைச் செய்யாமல், குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பாருங்கள். கூலியில் ஒரு பங்கை மார்கழி முடியும் வரை நிறுத்திவைப்பது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.