வளர்ச்சிக் கோட்பாடும் இளைஞர் கல்வியும்

மனித வாழ்க்கை பருவம் பருவமாக, ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்து செல்வது என்னும் மனோதத்துவக் கொள்கையைப் பாடசாலைக்கும் இளைஞர் ஆலோசனைக்கும் ஆதாரமாக்கும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றியது. சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் 1948-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு பிராயத்துக்கும் உரிய கடமைகள் சில உண்டென்றும், அவற்றைக் காலத்தில் நிறைவேற்றியவர்க்கே அடுத்த பருவம் சுலபமாகும் என்றும், அக்கடமை ஒருவரை எதிர்நோக்கும் தருணமே அவருக்குக் கற்பிக்க உகந்த தருணம் என்றும் எடுத்துரைத்தார்.

இத்துறைக்கு ஆழம் தந்தவர் எரிக் எரிக்ஸன் (1902–1994). 1927 முதல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் உபாத்தியாயராக இருந்து, அன்னா பிராய்டிடம் பயிற்சி பெற்று, 1933-இல் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1950-இல் பிரசுரமான தம் நூலில் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாக வகுத்தார். அவற்றுள் ஐந்தாவதான வாலிபப் பருவத்தில், தான் யார், எதற்காக வாழ்வது என்ற வினா எழுகிறதென்றும், விடை காணும் வரை பெரிய பொறுப்புகளை ஒத்திவைக்கும் அவகாசத்தைச் சமுதாயம் இளைஞனுக்கு அளிக்கவேண்டும் என்றும் அவர் கருதினார். படிப்பையோ கொள்கையையோ மாற்றி மாற்றித் தடுமாறும் பிள்ளையை நோயாளியென்றும் சோம்பேறியென்றும் எண்ணாது, அத்தடுமாற்றத்தையே வளர்ச்சியின் வேலையாகக் காணும் பார்வை ஆலோசகர்க்குக் கிடைத்தது இதனாலேயே. இக்கோட்பாட்டின் நன்மைகளுள் இதுவே தலையாயது எனலாம். எரிக்ஸனின் வழியில் ஆராய்ந்த ஜேம்ஸ் மார்ஷியா, 1966-இல், தேடாமலே பிறர் முடிவைத் தன் முடிவாக ஏற்றுக்கொண்ட நிலையைத் தனியே பிரித்துக் காட்டினார். தந்தை சொன்ன தொழிலைக் கேள்வியின்றி மேற்கொண்டு, ஆசிரியரின் பாராட்டையும் பெறும் நல்ல மாணவனுக்கும் ஆலோசனை தேவைப்படலாம் என்பது, எல்லாரும் எளிதில் மறந்துவிடும் உண்மை.

நீதியுணர்வின் வளர்ச்சியை ஆராய்ந்தவர் லாரன்ஸ் கோல்பர்க் (1927–1987). இறக்கும் தறுவாயிலுள்ள மனைவிக்காக, விலை கொடுக்க இயலாத மருந்தை ஹைன்ஸ் என்பவன் திருடலாமா என்பது போன்ற தர்மசங்கடங்களைச் சிறுவர்முன் வைத்து, அவர்கள் சொன்ன முடிவைவிட அம்முடிவுக்குக் காட்டிய நியாயத்தையே அவர் கவனித்து, ஆறு படிகளை வகுத்தார். அவருடைய மாணவர் மோஷே பிளாட், இத்தகைய சங்கடங்களை வகுப்பில் விவாதிக்கச் செய்து, தம் நிலைக்கு ஒரு படி மேலான நியாயங்களைக் கேட்டுப் பழகும் மாணவர்களில் ஒரு பகுதியினர் அந்தப் படிக்கு உயர்வதைக் கண்டார். ரால்ப் மோஷரும் நார்மன் ஸ்பிரிண்ட்ஹாலும் இன்னும் துணிந்து, ஆலோசனை கூறும் கலையையே உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பித்து, சக மாணவர்க்குச் செவிகொடுக்கவும் இளைய பிள்ளைகளுக்குப் போதிக்கவும் அவர்களை ஈடுபடுத்தினர். உண்மையான பொறுப்பு, அதைப் பற்றிய சிந்தனை, அதற்கு வேண்டிய ஆதரவு ஆகிய மூன்றும் இடைவிடாது சேர்ந்தாலன்றி வெறும் அனுபவம் ஒருவரை வளர்ப்பதில்லை என்பது அவர்கள் கண்ட பாடம்.

கோல்பர்க்கும் வகுப்பறை விவாதத்தோடு திருப்தியடையவில்லை. 1969-இல் இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்னும் கூட்டுக் குடியிருப்பு ஒன்றில் இளைஞர் கூட்டு வாழ்க்கையை நேரில் கண்ட அவர், 1974-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய கிளஸ்டர் பள்ளிக்கு ஆலோசகரானார். அங்கே வாரந்தோறும் கூடிய சபையில், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தலைக்கு ஒரு வாக்கு. ஒருமுறை கைப்பையிலிருந்து சிறு தொகை களவு போனபோது, பறிகொடுத்தவரின் கவனக்குறைவு என்று முதலில் பேசியவர்கள், நம்மிடையே நம்பிக்கை குலைந்தது நம் எல்லாருடைய குற்றமே என்ற வாதத்தைக் கேட்டபின், ஆளுக்குச் சில காசு போட்டு இழப்பை ஈடு செய்யத் தீர்மானித்தனர். எத்தனை சிறந்த கற்பனைச் சங்கடமும் இத்தகைய மாற்றத்தைத் தந்திராது. ஆசிரியர் கேள்வி கேட்பவராக மட்டும் நில்லாது, சமூகத்தின் நலனுக்காக வாதாடவும் வேண்டும் என்ற முடிவுக்குக் கோல்பர்க் வந்ததும் இவ்வனுபவத்தினாலேயே.

கோல்பர்க் தம் மூல ஆராய்ச்சியில் ஆண்பிள்ளைகளை மட்டுமே விசாரித்தார் என்பதைச் சுட்டி, பரிவும் பொறுப்பும் நியாயத்துக்குத் தாழ்ந்த படியல்ல என்று காரல் கில்லிகன் 1982-இல் வாதிட்டார். அக்கண்டனம் நியாயமானதே. ஆகவே படிகளையும் பருவங்களையும் மாணவரின் மேல் ஒட்டும் முத்திரையாகக் கொள்ளாது, அவருக்கு அடுத்து எத்தகைய பொறுப்பைத் தரலாம் என்பதை ஆராயும் கருவியாகக் கொள்ளும் ஆலோசகரே இக்கோட்பாட்டை முறையாகப் பயன்படுத்துபவராவார். கிளஸ்டர் பள்ளி சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எனினும் நியூயார்க் மாநிலத்து ஸ்கார்ஸ்டேல் மாற்றுப் பள்ளி, கோல்பர்க்கின் துணையோடு அதே சபை முறையை மேற்கொண்டு, அவர் காலத்துக்குப் பின்னும் அதைத் தொடர்ந்து நடத்தியது.