கம்பியில்லா விளக்கும் தீவக இரவுகளும்

பாண்டியன் அரண்மனையிலே யவனர் செய்த பாவை விளக்கு எரிந்ததை நெடுநல்வாடை சொல்கிறது. கடல் கடந்து வந்த கலைப்பொருளால் மனையை ஒளி செய்யும் ஆசை அவ்வளவு பழையது. இன்று அந்த ஆசைக்கு மின்கம்பி வேண்டாத மேசை விளக்குகள் வந்திருக்கின்றன. மின்கலத்துக்கு ஒருமுறை மின்னேற்றிவிட்டால் போதும், விருந்தினர் விடுதி முற்றத்திலோ வீட்டு விறாந்தையிலோ வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கம்பியில்லை என்பதே அவற்றின் பெருமை.

தீவகத்தாருக்கு இது பெரும் புதுமையன்று. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பெருமின்வலையோடு இணையாத தீவுகளாகவே இருந்து, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பின. அங்கே சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்னமைப்பை நிறுவுதற்கு, இந்திய நிதியுதவியில், 2024 மார்ச்சிலேதான் ஒப்பந்தம் ஆயிற்று. விளக்கு மட்டுமல்ல, தீவே கம்பியில்லாதது!

தீவில் விளக்குக்கு முதற்பகை காற்று. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த அகல் நில்லாது. ஆதலால் கையில் தூக்கிச் செல்லும் அரிக்கன் லாம்பு இங்கே நிலைபெற்றது. புயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் ‘அரிக்கன்’ ஆயிற்று. பக்கக் குழாய்கள் வழியே சுடருக்குக் காற்று அளவாகச் செல்வதால் வெளிக்காற்று அதனை அணைப்பதில்லை.

கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெற்றோமாக்ஸ். 1910 இல் பேர்லினில் பிறந்த அவ்விளக்கின் பெயரின் பின்பாதி, அதனை ஆக்கிய மாக்ஸ் கிரெட்சின் பெயரே. வெண்ணொளி தரும் அதன் வலையிலே தோரியம் உண்டு. குமரிக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் 1909 இல் ஜேர்மனியர் ஒருவர் கண்ட மோனசைட்டு, உலகெங்கும் அவ்வலைத் தொழிலுக்குத் தோரியம் தந்தது. தமிழ்க் கடற்கரை மணல் ஜேர்மனி விளக்காக நம் பந்தலுக்குத் திரும்பி வந்தது என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது.

இவையெல்லாம் கடையில் வாங்கிய விளக்குகள். நமக்கென்று நாமே ஆக்கிய விளக்கு ஒன்றுண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிய பண்டமாயிற்று. அரிக்கன் லாம்பு கேட்கும் எண்ணெய்க்கு எங்கே போவது? அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலிருந்து குடாநாட்டுக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு விளக்கே இல்லை. அப்போது வந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியில் பஞ்சு. அதில் சில கரண்டி எண்ணெய். கம்பி தாங்கிய சிறு திரி. போத்தலின் சுவரே சிமினி. பஞ்சு எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் போத்தல் சரிந்தாலும் எளிதில் சிந்தாது. ஒளி ஒரு கொப்பியின் அளவுதான். ஆனால் ஒரு பாடத்துக்கு அது போதும். அவ்வொளியில் படித்தவர்களில் நானும் ஒருவன்.

இதே காலத்தில், தென்னிலங்கையில், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர வேறொரு போத்தலோடு போராடினார். சாய்ந்த குப்பி விளக்குகளால் எரிகாயமுற்றோரைக் கண்டவர் அவர். மார்மைற் போத்தலைப் பார்த்து, கட்டையான, கனத்த கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டை, மூடி திருகுமூடி. ‘சுதீப’ எனப் பெயர்பெற்ற அவ்விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தகுதியான விருதுதான்.

பெற்றோமாக்சை ஆக்கியவரை அறிவோம். சுதீபவை ஆக்கியவரையும் அறிவோம். ஜாம் போத்தலில் முதன்முதல் திரியிட்டவர் யார்? நம் ஏடுகளில் விடையில்லை. மாலைதோறும் அதன் கரி துடைத்த தாய்மார் பலர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். ஒரு போத்தலும் சிறிது பஞ்சும் கொடுத்துக் கேட்டால், இன்றைக்கும் செய்து காட்டுவார்கள்.