கம்பெனி நிறுத்தியும் ஓடுது லெகோ ரோபோ... எப்படி?

ஒரு ரோபோ கிட் வாங்குறீங்க. சில வருஷத்தில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. கிட் என்ன ஆகும்? பெரும்பாலும் பரணுக்குப் போகும். ஆனால் லெகோவின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 1998ல் வந்த இந்த கிட்டை, டென்மார்க்கைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 2022 இறுதியோடு நிறுத்தியது. ஆனாலும் பழைய கிட்களை வைத்து இன்றும் ரோபோ செய்கிறார்கள். இதற்கான விதை 1998லேயே விழுந்துவிட்டது.

மைண்ட்ஸ்டார்ம்ஸ்னா என்ன?

லெகோ பாகங்களோடு மோட்டார், சென்சார், கூடவே 'பிரிக்' என்ற குட்டி கணினிப் பெட்டி. இவ்வளவுதான் கிட். கணினியில் புரோகிராம் எழுதி பிரிக்கில் ஏற்றினால் ரோபோ ரெடி. எம்ஐடி பேராசிரியர் சீமோர் பாப்பர்ட் 1980ல் எழுதிய புத்தகத்தின் பெயரைத்தான் கிட்டுக்கு வைத்தார்கள். 1998ல் ஆர்சிஎக்ஸ், 2006ல் என்எக்ஸ்டி, 2013ல் இவி3, 2020ல் ரோபோ இன்வென்டர் என நான்கு தலைமுறைகள் வந்தன.

1998ல் என்ன நடந்தது?

கிட் கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் கெகோவா ப்ரவுட்ஃபுட் பிரிக்கின் உள்வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து இணையத்தில் போட்டுவிட்டார். அதை வைத்து மற்றவர்கள் என்க்யூசி என்ற நிரல்மொழி, லெக்ஓஎஸ் என்ற இயங்குதளம் என்று உருவாக்கத் தொடங்கினார்கள்.

கம்பெனி ரகசியம் வெளியே போச்சு. வழக்கு போடலாமா என்ற பேச்சு லெகோவுக்குள் வந்தது. கடைசியில் போடவில்லை. அதோடு நிற்காமல், பயனர்கள் மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள். என்எக்ஸ்டியை வடிவமைத்தபோது வெளியில் இருந்த ஆர்வலர்களையே கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அவர்களும் கைக்காசு போட்டு டென்மார்க் போனார்கள். கிடைத்த சம்பளம்? லெகோ பெட்டிகள்தான்!

இதை வச்சு என்னதான் செய்தாங்க?

அதிகம் பேசப்பட்டது 'க்யூப்ஸ்டார்மர் 3'. பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் கில்டே, மைக் டாப்சன் செய்தது. 2014 மார்ச்சில் பர்மிங்காமில் ரூபிக்ஸ் க்யூபை 3.253 விநாடியில் சேர்த்து கின்னஸ் சாதனை படைத்தது. அப்போது மனிதர்களின் சாதனை 5.55 விநாடி.

வேலை செய்யும் விதம் ரொம்ப சுவாரசியம். ஸ்மார்ட்போன் கேமரா க்யூபின் நிறங்களைப் படிக்கும். எந்தப் பக்கத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று போனே கணக்கு போடும். கட்டளை பிரிக்குகளுக்குப் போகும், நான்கு கைகள் திருப்பும். இவி3 மோட்டார் எத்தனை டிகிரி சுற்றியது என்பதை அதற்குள் இருக்கும் சென்சாரே 1 டிகிரி அளவுக்குச் சொல்லிவிடும். ஒரு பக்கம் சரியாக 90 டிகிரி திரும்பாமல் கொஞ்சம் கோணலாக நின்றாலும் அடுத்த கைக்கு க்யூப் சிக்கிவிடும். எனவே வேகத்தைவிட இந்தத் துல்லியம்தான் முக்கியம்.

அதே ஆண்டு, அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 12 வயது மாணவன் சுபம் பானர்ஜி, பள்ளி அறிவியல் புராஜெக்ட்டுக்காக 'ப்ரைகோ' என்ற ப்ரெய்லி பிரிண்டரைச் செய்தான். சுமார் 350 டாலர் இவி3 கிட்தான் அடிப்படை. மோட்டார் ஒரு கூர்முனையை நகர்த்திக் காகிதத்தில் புள்ளி குத்தும். கடையில் விற்ற ப்ரெய்லி பிரிண்டர்களின் விலை அப்போது 2,000 டாலருக்கு மேல். வேகத்தில் அவற்றோடு போட்டி போட முடியாதுதான். ஆனால் விலை ஏன் இவ்வளவு என்ற கேள்வியை அது எழுப்பியது. இன்டெல் கேபிட்டல் அவனுடைய நிறுவனத்தில் முதலீடு செய்தது.

இப்போ பழைய கிட் வாங்கலாமா?

எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்குங்க. ரோபோ இன்வென்டர் ஆப்புக்கு 2024 இறுதி வரைதான் ஆதரவு என்று லெகோ அறிவித்திருந்தது. ஆனால் ஆர்வலர்கள் உருவாக்கிய 'பைப்ரிக்ஸ்' மூலம் அந்தப் பெட்டியில் பைத்தான் புரோகிராம் ஓட்டலாம். இவி3யில் மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம் உண்டு. 'இவி3டெவ்' என்ற லினக்ஸை கார்டில் ஏற்றிப் போட்டால் பெட்டி அதில் இயங்கும். கார்டை எடுத்தால் பழையபடி லெகோ மென்பொருள்.

ஆர்சிஎக்ஸ் மட்டும் கொஞ்சம் தலைவலி. பேட்டரியைக் கழற்றி வைத்தால் உள்ளே ஏற்றிய மென்பொருள் அழிந்துவிடும், மறுபடி ஏற்றணும். அதற்குத் தனி இன்ஃப்ராரெட் டவர் வேண்டும். பெட்டியில் அந்த டவர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்க, விலையை அப்புறம் பேசலாம்.