கடன்பட்ட துறைமுகமும் கடன்படாத பள்ளிக்கூடமும்

கடனில்லாக் கஞ்சி கால் வயிற்றுக்குப் போதும் என்பது நம் முன்னோர் வாக்கு. குடும்பத்துக்கு இது நல்ல விதியே. ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், அரசுகள் கடன்பட்டே கப்பல்துறை அமைத்தன, கடன்பட்டே விளக்கேற்றின என்பது புலனாகும். ஆகவே, எதற்காகக் கடன் வாங்கினார்கள், எதற்கு வாங்காது விட்டார்கள், வட்டியின் சுமை யார் தலையில் விழுந்தது என்னும் மூன்று கேள்விகளையே நாம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில், பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் பிரிட்டிஷ் முடியின் நேர் ஆட்சிக்குட்பட்ட ஒரே குடியேற்ற நாடாயின. ஊர் மூன்றாயினும் கஜானா ஒன்றே. 1905இல் சர்க்கார் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனியைக் கட்டாயமாக வாங்கிற்று. மத்தியஸ்தர் தீர்த்த விலை ஏறத்தாழ 2 கோடி 80 லட்சம் வெள்ளி. அவ்வளவு பணம் கையில் ஏது? 1907இல் இலண்டன் சந்தையில் கடன் திரட்டினார்கள். சிங்கப்பூரின் துறைக்காகப் பட்ட அக்கடனில், கஜானா பொதுவாதலால், பினாங்கு வாசிக்கும் பங்கு வந்து சேர்ந்தது. 1913இல் பினாங்குக்கும் தனித் துறைமுக வாரியம் ஏற்பட்டது.

மின்சாரத்தின் கதையும் இதற்கு இனமானதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் டவுன் நகரசபை மின்விளக்கேற்றிற்று. வீட்டு வரியை ஈடுகாட்டிக் கடன் பத்திரம் வெளியிட நகரசபைக்குச் சட்டம் இடந்தந்தது. துறைமுகத்தில் கூலி வரும், மின்சாரத்துக்குக் கட்டணம் வரும். ஆகையால் கடன் கொடுப்போன் அஞ்சவில்லை.

வட்டி எங்கிருந்து வந்தது? அக்காலத்துச் சர்க்கார் வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து கிடைத்தது. 1910 முதல் அபின் வியாபாரத்தைச் சர்க்காரே ஏற்று நடத்திற்று. மூட்டை சுமந்த சீனத் தொழிலாளி புகைத்த அபினும், நம் தமிழ்த் தொழிலாளி குடித்த கள்ளும் கஜானாவை நிரப்பின. ஏழையின் போதையிலிருந்து இலண்டன் தனவந்தனுக்கு வட்டி போயிற்று என்றால் அது மிகையாகாது.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் தோன்றிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் சந்தாப் பணத்தில் எழுந்தது. அங்கே அவ்வாண்டு தொடங்கிய தமிழ் வகுப்பைக் கொண்டே 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. தோட்டங்களிலோ, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதாவது, அரசு தன் கடமையைத் தோட்ட முதலாளியின் தலையில் வைத்து விலகிக்கொண்டது. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் உபாத்தியாயரானார். அரசு கொடுத்தது சிறு மானியம். அந்தப் பள்ளிகளுக்காக இலண்டனில் எவரும் கடன் கேட்டாரில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்நிலை மாறியதா? 1958இல் மத்திய மின்சார வாரியம் கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்காக உலக வங்கியில் 3 கோடி 56 லட்சம் அமெரிக்க டாலர் கடன் பெற்றது. மலாயாக் கூட்டரசு ஜாமீன் நின்றது. நல்ல காரியமே. ஆனால் அரசு நிலத்தில் அமையாத தமிழ்ப் பள்ளிகளிற் பல இன்றும் பகுதி உதவி பெறுவனவாகவே இருக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. நிலமும் கட்டடமும் பெரிதும் வாரியத்தின் கவலை, பெற்றோரின் கவலை. மாநில அரசு கடன்பட்டுக் கட்டலாமே எனின், அரசியல் சட்டத்தின் 111ஆம் விதி குறுக்கே நிற்கிறது. கூட்டரசிடமோ, கூட்டரசு ஒப்பிய வங்கி முதலியவற்றில் ஐந்தாண்டுக்கு மேற்படாத தவணைக்கோ அல்லாமல் மாநிலம் கடன் வாங்க இயலாது.

பள்ளி வருமானம் தராதே என்பார் சிலர். தோட்டக் கணக்கெழுதும் நாம் அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ரப்பர்க் கன்று நட்டால் ஆறேழு ஆண்டுவரை ஒரு துளிப் பாலும் இறங்காது. உரம், களையெடுப்பு, கூலி யாவும் செலவே. எனினும் எந்தத் துரையும் அதை நஷ்டமென்று எழுதச் சொல்வதில்லை. மூலதனக் கணக்கிலேயே பதிவு செய்கிறோம். ஆறாண்டு ஆரம்பப் பள்ளியில் பயிலும் பிள்ளை மட்டும் வீண் செலவோ? மரத்துக்குக் காட்டிய பொறுமையை மனிதனுக்குக் காட்டாத கணக்கு என்ன கணக்கு?

நண்பர்களே! அரசு கடன் வாங்கினால் நம் பிள்ளைகளும் அதைத் திருப்பிச் செலுத்துவார்கள். செலுத்தப் போகிறவர்களுக்கு அக்கடனில் ஒரு வகுப்பறையேனும் வேண்டாமா? சலுகையென்று கெஞ்சாமல், மூலதனமென்று கணக்குக் காட்டிக் கேட்போம். பட்டணத்தார் தோட்டத்தாரின் பள்ளியைத் தம்முடையதென்று கருதிச் சேர்ந்து கேட்கும் நாளில், அக்கணக்கை மறுக்க எவராலும் முடியாது.