வன்னியின் வானொலிப் பருவங்கள்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய நாள் 1925 டிசம்பர் 16. அந்த நூறாண்டு வரலாற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மயில்வாகனம் முதல் அப்துல் ஹமீது வரையான அறிவிப்பாளர்களைப் பற்றியும், திரைப்பாடல்களைப் பற்றியும், தமிழகத்து நேயர்கள் இலங்கை வானொலியில் கொண்டிருந்த மயக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் குளக்கரைக் கிராமங்களிலும் இருந்து அந்த வானொலியைக் கேட்டவர்களின் வரலாறு இவற்றில் இடம்பெறுவதில்லை. விழாக் காலச் சிறப்பு நிகழ்ச்சிகள் என்ற ஒரே இழையைப் பற்றிக்கொண்டு அந்த வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே எழுத முயல்கிறேன்.

விழாக்காலச் சிறப்பு நிகழ்ச்சி என்பது வானொலியின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தின் நத்தார்ப் பாடல் வழிபாட்டை பி.பி.சி. 1928 இல் ஒலிபரப்பத் தொடங்கியது. பிரித்தானிய மன்னரின் நத்தார்ச் செய்தி 1932 இல் முதன்முறையாக ஒலித்தது. கல்கத்தா வானொலியில் 1930களின் தொடக்கம் முதல் மகாளய அமாவாசை விடியற்காலையில் பிரேந்திர கிருஷ்ண பத்ரரின் தேவி மகாத்மியப் பாராயணம் ஒலித்து வந்தது. 1976 இல் நிலையத்தார் அதை விலக்கி, திரைநட்சத்திரம் உத்தம் குமாரின் குரலில் புதியதொன்றை ஒலிபரப்பினர். வங்காளிகள் கொதித்தெழுந்ததும் பழைய நிகழ்ச்சியே மீண்டும் வந்தது. ஆண்டுதோறும் அதே நாளில், அதே நேரத்தில், அதே குரலில் கேட்கும் நிகழ்ச்சி நிலையத்தாருக்கு உரியதாக இருப்பதில்லை, கேட்பவர்களின் உடைமையாகிவிடுகிறது. இதுவே அந்தச் சம்பவம் உணர்த்தும் உண்மை.

வன்னிக்கு வருவோம். இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்கள் காட்டைக் கழனியாக்கின. பின்னர் 1977 வன்செயலால் துரத்தப்பட்ட மலையக மக்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்து குடியமர்ந்தனர். மின்சாரம் எட்டாத அக்கிராமங்களில் பற்றறியில் இயங்கும் றான்சிஸ்ரர் வானொலியே வெளியுலகின் வாசலாயிற்று. எழுபதுகளில் கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்ந்த என்போன்றோருக்கு அதில் இரு திசைகள் இருந்தன. ஒன்று கொழும்பு, மற்றது திருச்சி. இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் 1952 இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தமிழகம் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. நாங்களோ கர்நாடக இசைக்காகத் திருச்சியை நாடினோம். 1939 மே 16 அன்று தொடங்கிய அந்நிலையத்தின் மத்திய அலைக்குப் பாக்கு நீரிணை ஒரு தடையாக இருந்ததில்லை.

எனவே வன்னியில் ஆண்டின் ஓட்டத்தைப் பஞ்சாங்கம் பாதியும் வானொலி பாதியும் அறிவித்தன என்று சொன்னால் மிகையாகாது. தை மாதத்தில் திருவையாற்றிலிருந்து தியாகராஜ ஆராதனை, பல வித்துவான்கள் சேர்ந்து பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளோடு வரும். மாசியில் சிவராத்திரி. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறினால், இருபத்து நான்காம் நாள் தேர். தேரன்று வானொலியைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். வருணனையாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நாதஸ்வரமும் தவிலும் அரோகரா ஒலியும் புகுந்து வரும். மார்கழியில் திருவெம்பாவை, அதன் நடுவே நத்தார்ப் பாடல்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் சேவையின் சிறப்பு நிகழ்ச்சிகள். இந்தக் கடைசி நிகழ்ச்சிகளைக் கேட்டுக்கொண்டிருந்த முல்லைத்தீவு முஸ்லிம்கள் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நோன்பு நிகழ்ச்சிகள் ஒலித்தன. அவற்றைக் கேட்ட வீடுகள் வெறிச்சோடின. வன்னியின் வானொலி வரலாற்றில் இந்த மௌனமும் பதியப்பட வேண்டும்.

மேலே சொன்ன பட்டியலைக் கூர்ந்து நோக்கும் வாசகர் ஒன்றைக் கவனித்திருப்பார். திருவையாறு, நல்லூர், கொழும்பு என்று விழா எப்போதும் வேறோர் ஊரிலிருந்தே வன்னிக்கு வந்தது. அப்படியானால் வன்னிக்கென்று ஒரு பருவம் இருக்கவில்லையா?

இருந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் அதற்குச் சிறந்த சான்று. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது பளை என்பதால் பத்தாப்பளை, அதுவே மருவி வற்றாப்பளை என்பது ஊர் வழக்கு. நந்திக்கடலின் கரையில் அமைந்த அக்கோவிலில் வைகாசியில் நிகழும் பொங்கல் ஒருநாள் விழாவன்று. அது பாக்குத் தெண்டல் என்னும் சடங்கோடு பல நாள் முன்னரே தொடங்கும். பின்னர் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பர். அந்த உப்பு நீரிலேயே முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் விளக்கு எரியும் என்பது நம்பிக்கை. அங்கே பொங்கல் நிகழ்ந்த பின்னரே வற்றாப்பளைப் பொங்கல். இடையிடையே பறையும் உடுக்கும் ஒலிக்கும். சிலம்பு கூறல் படிக்கப்படும். கோவலன் கூத்து ஆடப்படும். தேர் இருப்பை விட்டுப் புறப்பட்டு மீண்டும் இருப்புக்கு வரும் சில மணி நேரத்துக்கென அமைந்த நேர்முக வருணனை என்னும் வடிவத்துக்குள் இது அடங்காது. இதற்கு ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு வாரம் கிராமங்களில் தங்கி, கிழவர்களிடமும் கட்டாடிமாரிடமும் மீனவரிடமும் பேசித் தொகுக்கும் விவரணச் சித்திரமே ஏற்றது.

வயலுக்கும் ஒரு பருவம் உண்டு. காலபோக அறுவடையின்போது அரிவு வெட்டுப் பாடல், சூடு மிதிக்கும்போது பொலிப் பாட்டு, பரண் காவலில் பாடுபவை என்று வேலையோடு பிறந்த இசை அது. குருவிப்பள்ளும் பன்றிப்பள்ளும் பயிரைத் தின்ன வரும் குருவியையும் பன்றியையும் பாடியவை. செ. மெற்றாஸ்மயில் வன்னி நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். வானொலியிலும் பின்னர் ரூபவாகினியிலும் பணியாற்றிய அருணா செல்லத்துரை வன்னிக் கூத்துகளை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவந்தார். ஆனால் அச்சில் ஏறுவது பாடலின் சொல் மட்டுமே. சூடு மிதிக்கும் மாடுகளின் குளம்படியும், பாட்டின் நடுவே மாட்டை அதட்டும் குரலும், களத்தில் இருப்போர் சேர்ந்து வாங்கும் அடியும் ஒலியில்தான் உயிரோடிருக்கும். உழவு இயந்திரம் வந்ததும் மாடும் போயிற்று. மாட்டின் பின்னால் நடந்த பாட்டும் போயிற்று.

1990 இல் போர் மீண்டும் மூண்டது. மின்சாரமும் எரிபொருளும் இல்லாமற் போயின. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. ஆயினும் வானொலி நிற்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவை வானொலிப் பெட்டியோடு வயரால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் குரல் தேயும். ஆள் மாற வேண்டும். செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்தும் உப்பு நீர் ஊட்டியும் இன்னும் சில மணி நேரம் வாழவைத்தார்கள். இவ்வாறு கேட்கும்போது எதைக் கேட்பது என்பதில் சிக்கனம் வந்துவிடும். முதலிடம் செய்திக்கு, இரவு ஒன்பதே காலுக்கு லண்டன் தமிழோசை. அதன் பிறகு மிச்சமிருக்கும் மூச்சு விழாவுக்கு. அந்நாட்களில் நல்லூர்த் தேரையோ நத்தார் நள்ளிரவுத் திருப்பலியையோ கேட்பதற்கென ஒரு வீட்டில் கால்கள் சுழன்றன என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. தெருக்கள் அடைபட்ட நிலையில், திருவிழாவுக்குப் போய்வரக்கூடிய ஒரே பாதையாக அது இருந்தது.

இதோடு நேரமும் இரண்டாயிற்று. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதை அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இதை ஏற்கவில்லை. சேமிப்பதற்கு அங்கே மின்சாரமும் இருக்கவில்லை. கொழும்பு வானொலி காலை ஆறு மணி என்று அறிவிக்கும்போது கிளிநொச்சியில் ஐந்தரை. பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்டுத் தெளிந்த பின்பே எந்த நிகழ்ச்சிக்கும் காத்திருக்க முடிந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது மீண்டும் கடிகாரங்கள் ஒன்றாயின. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது.

இந்த ஆண்டுகளில் வன்னியில் ஒரு புதிய பருவம் உருவாயிற்று. 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் வானொலி, யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின் வன்னியிலிருந்து இயங்கியது. போர்நிறுத்த காலத்தில், 2003 சனவரியில், உரிமம் பெற்ற பண்பலை நிலையமாயிற்று. கார்த்திகை மழையோடு அதன் சிறப்பு நிகழ்ச்சிகள் வரும்: புதிய பாடல்கள், மாண்டவர்களைப் பற்றிய உரைச்சித்திரங்கள், நவம்பர் 27 மாலையில் தலைவரின் உரை, 6.05க்கு மணியோசை. பல துயிலும் இல்லங்களில் ஒரே கணத்தில் சுடர் ஏற்றுவதற்கான கடிகாரமாக வானொலியே இருந்தது. அதைப் பொது வானொலி என்று நான் சொல்லமாட்டேன். அது ஓர் ஆயுத இயக்கத்தின் குரல். மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. பிள்ளையை இழந்த தாயின் துயரைத் தாங்கிய அதே இசைதான் இன்னொரு தாயின் பிள்ளையைக் களத்துக்கு அழைத்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அதேபோல, போர்க்காலத்தில் கொழும்பு நிலையமும் அரசின் குரலாகவே இருந்தது என்பதையும் எழுத வேண்டும். வன்னி மக்கள் இரண்டையும் கேட்டு, லண்டனையும் கேட்டு, உண்மை இவற்றுக்கு நடுவே எங்கே கிடக்கிறது என்று தாமே கணித்துக்கொண்டார்கள்.

2007 நவம்பர் 27 மாலை, மாவீரர் நாள் உரைக்குச் சற்று முன்னர், கிளிநொச்சியிலிருந்த அந்த வானொலி நிலையத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. அறிவிப்பாளர் இசைவிழி செம்பியன் உள்ளிட்ட நிலையப் பணியாளர் மூவரும், பொதுமக்கள் சிலரும் கொல்லப்பட்டனர். ஒலிபரப்பின் உள்ளடக்கம் எதுவாயினும் ஊடக நிலையத்தைத் தாக்குவதை ஏற்கமுடியாது என்று யுனெஸ்கோ தலைமை இயக்குநர் கொயிசிரோ மட்சூரா கண்டித்தார். செய்தித் தொழிலில் இருக்கும் எவரும் இதை மறுத்துச் சொல்வதற்கில்லை.

2009 சனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்தில், வற்றாப்பளைப் பொங்கலுக்குரிய அதே வைகாசியில், போர் நந்திக்கடற்கரையில் முடிந்தது. வீடுகளோடு ஒலிப்பேழைகளும் எரிந்தன. குடும்பங்கள் பதிந்து வைத்திருந்த கல்யாணப் பாட்டும், கோவில் மேளமும், பிள்ளையின் மழலையும், இயக்கப் பாடலும் ஒரே சாம்பலாயின. இடம்பெயர்ந்தவர் முதலில் கைவிடுவது பாரமானவற்றை. பாட்டிகளின் பாடல் பதிந்த பேழை அந்த வரிசையில் அடங்கிவிட்டது.

இப்போது ஒரு தீர்ப்பை நினைவூட்ட விரும்புகிறேன். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சித் தொடர் ஒன்றை 1995 இல் திடீரென நிறுத்தியது. அதில் பங்கேற்றுவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவருடைய கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென 1996 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். பங்குகொள்ளும் நேயருக்கும் அலைவரிசையில் உரிமை உண்டு என்பதே அதன் சாரம். கல்கத்தாவில் மக்கள் கோபத்தால் நிலைநாட்டியதை இங்கே ஒரு நேயர் சட்டத்தால் நிலைநாட்டினார்.

அந்த உரிமையை வன்னி எவ்வாறு கேட்பது? நூறாண்டு கண்ட பொது வானொலி, ஒரு வைகாசி மாதத்தில் பாக்குத் தெண்டல் முதல் பொங்கல் வரை முள்ளியவளையிலும் வற்றாப்பளையிலும் தங்கிப் பதியட்டும். ஒரு தை மாதத்தில் அரிவு வெட்டுப் பாடலை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறையைத் தேடிச் செல்லட்டும். மலையகத்தின் காமன் கூத்தை நினைவில் சுமந்து வந்த குடும்பங்களையும், மீண்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் நோன்பு நாட்களையும் அதில் சேர்க்கட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையுமில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இன்று ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கிழவியோ கிழவனோ பொலிப் பாட்டின் ஓரடியை அறிந்திருந்தால், இந்தப் பொங்கலுக்கு முன் அதைப் பதிந்துவிடுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் அதே பதிவில் சொல்ல வையுங்கள். பிற்காலத்தில் அதைக் கேட்பவருக்குப் பாட்டைப் போலவே அந்த மூன்று விவரங்களும் வேண்டியிருக்கும்.