கல்லடிப் பாலமும் ஐஸ்கசியும்: தரவு ஏன் அனுமதி கேட்டு நிற்குது?

பழைய கல்லடிப் பாலம் ஒருவழிப் பாதை. 1920களில் பிரித்தானியர் கட்டின இரும்புப் பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவி பேரில. அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரைக்கும் இந்தப் பக்கம் நிக்கவேணும். 2013இல் பக்கத்தில புதுப்பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிஞ்சது.

கணினியிலிருந்து சேமிப்பகத்துக்குத் தரவு எழுதுகிற முறைக்கும் இப்படியொரு காத்திருப்பின் வரலாறு இருக்கு. 1986இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கசி முறையில், கணினி "இதை எழுது" என்று கட்டளை மட்டும்தான் கொடுக்கும். தரவைத் தள்ளிவிடாது. வட்டு தயாரானதும் தானே கேட்டு வாங்கும். வாங்குகிறவருடைய நினைவகம் சின்னது, எல்லாரும் ஒரேயடியாக் கொட்டினால் நிரம்பி வழியும். கேபிள் சில மீற்றர்தான் என்றபடியால் கேட்டு வாங்குவதில் நேரமும் பெரிசாப் போகவில்லை.

2004 ஏப்ரலில் வெளிவந்த ஆர்எஃப்சி 3720, அதே கட்டளைகளை இன்ரநெற்றின் டிசிபி வழியில் ஏற்றியது. அதுதான் ஐஸ்கசி. சேமிப்பகம் அனுப்புகிற "இப்ப அனுப்பலாம்" என்ற செய்திக்கு அதில் ஆர்2டி என்று பேர். இப்ப தூரம் குறுக்கே வந்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 3 மில்லி செக்கன் வேணும். அனுமதி கேட்டால் ஒரு எழுத்துக்கு இரண்டு தரம் போய்வரவேணும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று ஆயிரம் சின்ன எழுத்துகள் போனால், 3 செக்கன் வேலை 6 செக்கன் ஆகும்.

அதனால் ஐஸ்கசி ஒரு சமரசம் செய்தது. கட்டளையோடயே கொஞ்சத் தரவை ஏற்றி அனுப்பலாம், மிச்சத்துக்கு ஆர்2டி வரவேணும். கேட்காமல் அனுப்பக்கூடிய உச்ச அளவை இரு பக்கமும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளும். பேசாவிட்டால் 65,536 பைற். எங்களுக்கு இது நல்ல ஏற்பாடாத்தான் படுகுது: சின்னது காத்திருக்காது, பெரிசு வாசலை அடைக்காது.

அதே 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாவலடியையும் கல்லடியையும் அடிச்சுக்கொண்டு போனது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஒரு அலுவலகம், தன் பதிவுகளின் பிரதியை வேறு ஊரில வைக்கவேணும் என்று இதுக்குப் பிறகும் சொல்லத் தேவையில்லை. ஆனா ஒவ்வொரு எழுத்தும் இழுபட்டால் ஆக்கள் அந்தப் பிரதியை நிப்பாட்டிப்போடுவினம்.

2018இல் வந்த என்விஎம்ஈ டிசிபியிலும் ஆர்2டி அப்படியே இருக்கு. சின்ன எழுத்து கட்டளையோட ஒன்றாப் போகும், பெரிசு இன்னும் கேட்டுத்தான் போகுது.