வெள்ளிக்காக உருக்கிய படங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் கோவளம், திருவிடந்தை தாண்டி மாமல்லபுரம் சுமார் 55 கிலோமீட்டர். இந்தத் தூரம் முழுக்க சினிமா பிலிமை விரித்துப் போட எத்தனை பெட்டி வேண்டும் தெரியுமா? ஒரே படத்தின் 14 பிரதிகள் போதும்!

கணக்கு சுலபம்தான். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நூறு தியேட்டரில் ரிலீஸ் என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக்.

பிலிமில் ஒளியைப் பிடிப்பது வெள்ளி உப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவதே வெள்ளிதான்! கலர் பிலிமில் அந்த வெள்ளி கழுவும்போதே வெளியேறி லேபின் ரசாயனக் கரைசலில் சேர்ந்துவிடும். அதைச் சாக்கடையில் விட்டால் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மின்சாரம் செலுத்திப் பிரித்தெடுத்தால் பணம். வெள்ளியைப் பிரிப்பது லேப்களுக்கு லாபக் கணக்கு. சுற்றுச்சூழல் நன்மை அதனுடன் வந்த இலவச இணைப்பு.

ஆனால் இதே வெள்ளி வேறொரு நஷ்டத்தையும் கொண்டுவந்தது. ஓடி முடித்த பழைய படங்களை எடைக்கு வாங்கி, வெள்ளிக்காக உருக்கினார்கள். இன்றைய வார்த்தையில் சொன்னால் அசல் மறுசுழற்சி! போனவை திரும்பவில்லை. மிச்சத்தில் பல, நைட்ரேட் பிலிம் என்பதால் தீப்பிடித்தும், நம்மூர் வெக்கையில் மக்கியும் போயின.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்தவர் நடராஜ முதலியார். கீழ்ப்பாக்கத்தில் படப்பிடிப்பு. சென்னையில் லேப் இல்லாததால், குளிர்ச்சியான பெங்களூரில் ஒன்றை அமைத்து, வார இறுதிகளில் போய் நெகட்டிவைக் கழுவிவிட்டு வந்தார். அவ்வளவு பாடுபட்ட அந்தப் படம் இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) கூட இல்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப், தியேட்டருக்குப் பெட்டி போகும் வழக்கத்தையே மாற்றியது. 2013இல் ஃபூஜி சினிமா பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. லேப்கள் ஒவ்வொன்றாகப் பிலிம் கழுவுவதை நிறுத்தின. ரசாயனம் போனது, கூடவே நெகட்டிவ் வெட்டுபவர்கள், பிரிண்ட் போடுபவர்கள் வேலையும் போனது. இதை யாரும் செலவுப் பக்கத்தில் எழுதுவதில்லை.

பிலிம் போனாலும் டீசல் ஜெனரேட்டர் வேன் போகவில்லை, செட்டும் போகவில்லை. 'நாயகன்' (1987) படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையிலேயே தாராவியை எழுப்பினார். இப்போது பையனூரிலும், திரைப்படத் தொழிலாளர்களுக்கு அரசு ஒதுக்கிய நிலத்தில், படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. படம் முடிந்து செட்டைப் பிரித்தால் மரச்சட்டமும் பிளைவுட்டும் அடுத்த செட்டுக்கு உதவும். தெர்மாகோலையும் உடைந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் எடைக்கு வாங்க ஆள் கிடையாது. அதில் வெள்ளி இல்லையே!